விடை அடுத்த இதழில்

வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பு முடிந்து சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், வடகுடியிருப்பின் பிள்ளைகள் போருக்கு வாக்களித்துவிடுவார்கள். பச்சைப் பொத்தான் என்றால் தொடரலாம். வெள்ளை என்றால் நிறுத்தலாம். செவ்வாய்க் கோளில் இனி வாழப்போகிறவர்கள் அவர்கள்தானே, முடிவும் அவர்களுடையதாகவே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். பனிச்சுரங்கத்துக்காகத் தென்குடியிருப்போடு மூண்ட சண்டை பச்சையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பொய்ப்பட இயந்திரங்கள் பெருகியதிலிருந்து புகைப்படத்தை யாரும் நம்புவதில்லை. ஒருவர் நேரில் பார்த்துக் கையால் வரைந்த 'கைச்சான்று' மட்டுமே பிள்ளைகளிடம் போகலாம். போர்ப்படத்துக்குத் தலைப்போ விளக்கமோ கூடாது. எழுத்து அவர்களை ஒரு பக்கம் சாய்த்துவிடுமாம்.

'சிட்டு' வார இதழுக்காகச் செங்கமலம் போர்க்களத்தில் வரைந்தாள். அவள் வரைந்த பீரங்கிகளுக்குப் பிள்ளைகள் ஆசையாய் வண்ணம் தீட்டினார்கள். அது அவளை உறுத்தியது. ஒருமுறையாவது அவர்களை வெள்ளைப் பொத்தானை அழுத்த வைத்துவிட வேண்டும்.

மணற்புயலுக்காகச் சண்டை நின்றிருந்தபோது, தென்குடியிருப்பின் கூரைக்குமிழிக்குள் ஒரு சின்னத் தெருவை வரைந்தாள். மூன்று சக்கர சைக்கிள், கொடியில் துணி, இட்லிக்கடைப் பலகை, தொட்டிச் செடி, தண்ணீர் டிரம். ஜன்னலில் சாய்ந்திருந்த பெண், "அக்கா, மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடுங்க" என்றாள். அப்படியே போட்டாள்.

புயல் ஓய்ந்ததும் வடகுடியிருப்பின் மூச்சுக்குண்டு அங்கே விழுந்தது. அது சுவர்களை இடிக்காது. குமிழிக்குள் இருக்கும் காற்றை மட்டும் உறிஞ்சிவிடும். செங்கமலம் திரும்பிப் போய், அதே இடத்தில் உட்கார்ந்து அதே தெருவை வரைந்தாள்.

இதழாசிரியர் ஞானப்பிரகாசம் இரண்டு படங்களையும் நடுப்பக்கத்தில் அருகருகே போட்டார். இதுவரை வராத அளவுக்குக் கடிதங்கள் குவிந்தன. வெள்ளிக்கிழமை வாக்கும் வந்தது. முன்னெப்போதையும்விட அதிகப் பச்சை.

செங்கமலம் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"நடுப்பக்கம் எப்பவும் புதிர்ப்பக்கம்தானே கமலம்? படம் ரெண்டும் ஒரே மாதிரி இருந்துதா, வழக்கமான ஆறு வித்தியாசம்னு நெனச்சுட்டாங்க" என்றார் அவர். தலைப்பை எடுத்தவர், அடியில் வழக்கமாக வரும் 'விடை அடுத்த இதழில்' என்ற வரியை எடுக்க மறந்திருந்தார். "போர் நின்னா போர்ப்படமும் நின்னுடும், விடை வராதேன்னு பச்சையை அழுத்தியிருக்காங்க."

அவள் கடிதங்களைப் புரட்டினாள். சைக்கிள் கவிழ்ந்திருக்கிறது. துணி கீழே கிடக்கிறது. பலகை சாய்ந்திருக்கிறது. செடி வாடியிருக்கிறது. டிரம்முக்கு மூடி இல்லை. எல்லாவற்றிலும் ஐந்துதான். ஒரு குழந்தை, 'அடுத்த தடவை இவ்வளவு கஷ்டமாகக் கொடுக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"நானும் உக்காந்து பார்த்தேன்" என்றார் ஞானப்பிரகாசம், கொஞ்சம் கூச்சத்தோடு. "எனக்கும் அஞ்சுதான் கிடைச்சுது. அந்த ஆறாவது என்னம்மா?"

செங்கமலம் இரண்டாவது படத்தின் ஜன்னலில் விரலை வைத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அட, ஆமா" என்றவர், சிவப்புப் பென்சிலை எடுத்துக் காலி ஜன்னலைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டார்.