சுவர் நகரும் பக்கம்

கூடம் மறுபடியும் ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. சுகிர்தா அதை அளந்து பார்க்கவில்லை. மேசையின் கடைசிக் கதிரையை இழுத்தபோது அதன் முதுகு சுவரில் இடித்தது. நேற்று இடிக்கவில்லை.

"இதையும் கீழ ஆருக்கும் குடுத்துவிடுவமே?" சமையல் மூலையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் நிமலன் கேட்டார்.

"குடுங்கோ. ஆர் இதில இருக்கிறது?"

ஒருவரும் இருப்பதில்லை. சுவருக்கும் அது தெரிந்திருந்தது.

ரொறன்ரோவில் புதிதாக எழும்பிய மர அடுக்குமாடிகளில் உட்சுவர்கள் எல்லாம் உயிர்க்காரையால் ஆனவை. மரத்தூளையும் சுண்ணாம்பையும் குழைத்து அதற்குள் பூஞ்சை இழைகளை வளர்த்துச் செய்த பொருள். கட்டடத்தின் பாரத்தைத் தூண்கள் சுமந்துகொள்ளும். உட்சுவரின் வேலை நகர்வது மட்டும்தான். மனித மூச்சின் ஈரமும் உடம்புச் சூடும் படுகிற பக்கத்தில் இழைகள் மெல்லக் கரையும். ஆளில்லாத பக்கத்தில் வளரும். புழங்குகிற அறை பெரிதாகும், புழங்காதது சுருங்கும். நீண்ட குளிர்காலத்தில் வெறும் அறைகளைச் சூடாக்கி என்ன பயன் என்று நகரமும் அதை ஏற்றுக்கொண்டது.

சுகிர்தா அதை உருவாக்கிய கட்டடக்கலைஞர்களில் ஒருத்தி. வீடு பார்க்க வருகிறவர்களிடம், "நீங்கள் எதை விரும்புறீங்களோ, அதுக்கு வீடு இடம் விடும்" என்று சொல்வாள். சொல்லும்போதெல்லாம் அதை நம்பவும் செய்தாள்.

மகள் ஆரணி வீட்டைவிட்டுப் போய் இது இரண்டாவது குளிர்காலம். கணக்கியல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கடற்கரை நகரமான ஹலிஃபாக்ஸில் படகு கட்டும் பட்டறை ஒன்றில் சேரப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று நிமலனுக்கு வந்த கோபம் பெரியது.

"போ. உன்ர அறையைச் சுவர் திண்டுபோடும். பிறகு வந்து படுக்க இடம் தேடாதை."

அவள் பையின் ஸிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் சுகிர்தாவுக்கு இன்னும் கேட்கும்.

அறை சுருங்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தாள். முதலில் சூடாக்கி ஒன்றை வைத்தாள், பிறகு ஈரமூட்டி. சுவர் ஏமாறவில்லை. ஏறி இறங்கும் மூச்சை இயந்திரச் சூட்டிலிருந்து பிரித்தறியும்படி அதைப் பழக்கியதே அவளுடைய குழுதான். ஆகவே ஆள்தான் இருக்கவேண்டும். நிமலன் ஸ்ட்ரீட்கார் என்ற தெரு ரயிலின் ஓட்டுநர். விடியற்காலையில் வேலைக்குப் போய் மத்தியானம், சுகிர்தா வேலையால் வருமுன் வந்துவிடுவார், பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். அவர் படுத்த பிறகு சுகிர்தா ஆரணியின் கட்டிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏசாமல் விடமாட்டார் என்பது ஒரு காரணம். இந்தக் காத்திருப்பைத் தனக்கே தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆசை இன்னொன்று. அந்த ஆசையை அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அறை சுருங்கவில்லை. பெரிதாகத் தொடங்கியது. ஒருத்தியின் மூச்சுக்கு இவ்வளவு சுவர் கரையாது என்று அவளுடைய தொழிலறிவு சொன்னது. ஏக்கத்தோடு விடுகிற மூச்சுக்குச் சூடு கூடுதலாக இருக்கலாம் என்று, வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருக்கக்கூடிய ஒரு விளக்கத்தை அவள் வைத்துக்கொண்டாள். அந்த விளக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மார்ச் மாதம், பனி கரையும் சேற்றோடு ஆரணி வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் கூடத்தைக் கண்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, ஹோல் எங்க?"

"அதுதான் பிள்ளை. பக்கவாட்டா வா."

பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவள், மேசையும் போய்விட்ட கூடத்தைக் கடந்து, தன் அறைக் கதவைத் திறந்தாள்.

"ஐயோ! இதென்ன, கலியாண மண்டபமே? ஆருக்கு இவ்வளவு இடம்?"

"உனக்குத்தான்" என்றாள் சுகிர்தா. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஆரணி கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். தலையணைக்கடியில் ஏதோ குத்த, கையை விட்டு எடுத்தாள். மூக்குக்கண்ணாடி.

"அப்பா, இது உங்கடயெல்லோ?"

நிமலன் கதவடியில் நின்றார். "மத்தியானத்தில இஞ்ச வெயில் நல்லா விழும். கொஞ்சம் கண்ணயருவன்."

"சோபாவிலதான் படுக்கிறதெண்டு எனக்குச் சொன்னீங்கள்!" என்றாள் சுகிர்தா.

"சோபாவைக் குடுத்து ஒரு வருஷமாச்சுதப்பா. அதுகூடத் தெரியாதே உமக்கு? அது சரி, உம்மட சால்வைக்கு இஞ்ச என்ன வேலை?"

ஆரணி சிரித்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றுபோனது.

மூன்று பேரும் சேர்ந்து உட்கார அவளுடைய கட்டிலைத் தவிர வேறிடம் இல்லை. சாப்பாட்டுக் கோப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். பட்டறையில் வேலை நிரந்தரமாகிவிட்டதாம். கடலைப் பார்த்தபடி சின்னதாக ஒரு வீடும் எடுத்திருக்கிறாளாம்.

"நேர சொல்லத்தான் வந்தனான். திரும்பி வந்து இருக்க இல்லை, அம்மா."

நிமலன் மீன்முள்ளைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கினார். "படகு மிதக்குதோ?" என்று கேட்டார்.

"மிதக்குது, அப்பா."

"பிறகென்ன."

ஆரணி சுவரைத் தடவிப் பார்த்தாள். "நான் போனாப்பிறகு, நீங்கள் ரெண்டு பேரும் எங்க இருந்து கதைக்கிறனீங்கள்?"

அவள் சும்மாதான் கேட்டாள். பதிலை எதிர்பார்க்காமல் குழம்பை வழித்துச் சாப்பிட்டாள்.

அவள் புறப்பட்டுப் போன அன்று பின்னேரம் சுகிர்தா வழக்கம்போல அந்தக் கதவின் கைபிடியில் கை வைத்தாள். பின்னால் நிமலன் படுக்கப் போகாமல் நின்றார். உள்ளே போனால் இருவருக்கும் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் இரண்டு பேருடைய மூச்சும் அங்கே போனால், மிச்சமிருக்கும் இந்தக் கூடமும் மூடிவிடும். இங்கேயே இருந்தால் ஆரணியின் அறை போகும். வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லும் வசனம் நினைவுக்கு வந்தது. வீடு அவளும் நிமலனும் விரும்பியதற்குத்தான் இடம் விட்டிருந்தது. சுவரில் ஒரு பிழையும் இல்லை.

நிமலன் சமையல் மூலையிலிருந்து இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்தார். கூடத்தில் அருகருகே போட அகலமில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முன்னதில் தான் உட்கார்ந்தார்.

"இதென்ன, உங்கட ஸ்ட்ரீட்காரே?"

"ஏறுமன்."

அவள் பின்னால் உட்கார்ந்தாள். அவருடைய பிடரியில் நரை ஏறியிருந்தது. அது எப்போது ஏறியது என்று தெரியவில்லை. தோளில் பட்ட சுவர் முதலில் குளிர்ந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது. அந்தப் பக்கத்தில் ஆரணியின் அறை குளிரத் தொடங்கியிருக்கும்.

"சொல்லும்" என்றார் நிமலன், திரும்பாமல்.

சுகிர்தா வாயைத் திறந்தாள். எங்கேயிருந்து தொடங்குவதென்று தெரியாமல் மூச்சு மட்டும் வந்தது. சுவர் அதை எடுத்துக்கொண்டது.