தகரக் கதவு

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து சுதாகர் படுத்துவிட்டால் அந்தக் குவார்ட்டர்ஸில் மிக்ஸி ஓடாது, குக்கர் கூவாது. அவன் அம்மா கண்ணகி மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள். அன்று காலை அவள் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டதை மருமகள் திலகவதி பார்த்துவிட்டாள்.

"திரும்பவும் வெல்லமா அத்தே? நான் மாத்திரை குடுத்துக்கினே இருக்கேன், நீங்க திருட்டுத்தனமா தின்னுக்கினே இருக்கீங்க..."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தாழ்த்திச் சொன்னால் வலிக்காதா என்ன!

கண்ணகி முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். போன முறை சர்க்கரை ஏறியிருந்ததிலிருந்து மகனும் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இந்த முறையும் ஏறியிருந்தால் குறிஞ்சிப்பாடியில் சுதாகரின் அக்கா வீட்டில் விட்டுவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. மகனை விட்டுப் பிரிவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொல்லி அழத்தான் ஆளில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவிடம் போனார்கள். சர்க்கரை ஏறியேதான் இருந்தது. நாள்பட்ட சர்க்கரையில் ரத்தத்தில் சில புரதங்கள் கூடிவிடும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கெட்டியாகும், அது கால் விரல்வரை ஓடத் திணறும், கண்ணகியின் கால் விரலில் இருக்கும் புண் இத்தனை நாளாக ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் விளக்கினார்.

"ஆனா இவங்களுக்கு அதுக்கு மேலயும் கெட்டியா இருக்கு. ஒடம்புல தண்ணி இல்லன்னா சர்க்கரையும் ஏறும். தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

கண்ணகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க. பாத்ரூம் தகரக் கதவு தரையில இழுத்துக்கினு கத்தும். புள்ள பகல்ல தூங்குறான்... ஒருநாள் அந்தச் சத்தத்துல முழிச்சுட்டு, ராத்திரி மைன்ஸ்ல கண்ணசந்து ஓடுற கன்வேயர் பெல்ட்டு கிட்ட விழப் பாத்தானாம். அதுலேர்ந்து அவன் எழுந்திரிக்கிற வரைக்கும் தண்ணி தொடுறதில்லீங்க."

"அப்போ... வெல்லம்?" என்றாள் திலகவதி.

"வாய் வறண்டா நாக்கு உதட்டத் தடவத்தானம்மா செய்யும்."

சுதாகர் அங்கேயே அழுதுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தக் கதவைக் கழற்றி வெளியே சாய்த்தான். திலகவதி தன் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். குறிஞ்சிப்பாடிப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் அவன் வந்து படுத்தபின், திலகவதி சொம்பு நிறையத் தண்ணீரோடு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை மன்னிச்சிடுங்க என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணகி அண்ணாந்து குடித்தாள். மடக் மடக்கென்ற சத்தத்துக்கு அவளே பயந்து, பாதியில் நிறுத்தி அறைப் பக்கம் பார்த்தாள்.

உள்ளேயிருந்து மகனின் குரல் வந்தது.

"நல்லா சத்தமா குடிம்மா... அதக் கேட்டுக்கினே தூங்கிடுவேன்."