இரண்டாவது இழுப்பு

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். தொட்டியில் கிடந்த இரண்டு தம்ளர்களைக் கழுவினான். மகளை எழுப்பிப் பல் தேய்க்கவைத்து, முன்னால் உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டான். வலது பின்னல் வழக்கம்போல் இடதைவிட ஒரு விரல் உயரத்தில் நின்றது. ஏழு மாதத்தில் அது ஒன்றுதான் அவனுக்குக் கைவரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

"இன்னிக்கு ஸ்கூல் லீவு. எதுக்கு ரெண்டு பின்னல்?" என்றாள் மகள். ஐந்து வயது.

"மாமா வீட்டுக்குப் போறோம். தலைய விரிச்சுப் போட்டுட்டுப் போனா அத்தை என்னைத் திட்டுவாங்க."

"இதப் பாத்தாலும் திட்டுவாங்க."

எட்டு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். வேன் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றது. ஏழு பேர் உட்காரக்கூடிய சின்ன வேன், சாம்பல் நிறம், பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்த குடும்பத்துக் குழந்தை பின்கண்ணாடியில் ஒட்டிய மீன் படம் இன்னும் உரியவில்லை. ஈர நாட்களில் இருக்கைத் துணியிலிருந்து அவர்கள் வீட்டு நாயின் வாடை எழும். வாங்கி ஒரு வருஷம் ஆகியும், இந்த வண்டியில் நாம் விருந்தாளிங்கதான் என்பாள் அவன் மனைவி.

மகளைத் தன் இருக்கைக்கு நேர் பின்னால், கதவுக்கு எட்டாத ஜன்னலோரமாக உட்காரவைத்து பெல்ட் மாட்டினான். இறங்கி, இழுவைக் கதவை ஒருமுறை இழுத்தான். அது தடத்தில் ஓடிவந்து, சாத்திக்கொண்டதுபோல நின்றது. சாத்தியிருக்காது. கைப்பிடியை விடாமல், தோளையும் கொடுத்து மறுபடி இழுத்தான். உள்ளே கொக்கி விழுந்தது. இந்த வண்டிக்கு எப்போதும் இரண்டு இழுப்பு.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

டிங்.

கை சாவியிலேயே நின்றது. கதவு சரியாக மூடாதபோது கத்துகிற பஸ்ஸர் அது. அதன் ஒயரை வெட்டி எட்டு மாதம் ஆகிறது. பஸ்ஸரே இப்போது வண்டியில் இல்லை. போலீஸ்காரர்கள் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து அதைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்துக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு வண்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டில் வண்டி கிடையாது.

பாதி வழியில் மச்சான் கூப்பிட்டார். மனைவியின் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டான்.

"கிளம்பிட்டியா மாப்ள?"

"வந்துட்டே இருக்கேன் மச்சான்."

"வண்டியக் கழுவி எடுத்துட்டு வா. வக்கீல் அந்தக் கதவைப் படம் எடுக்கணுமாம். சேறும் சகதியுமா நிக்குதேன்னு நேத்தே மூஞ்சியச் சுளிச்சார்."

"சரி."

"பதினோரு மணிக்குக் கூண்டுல ஏறணும். அங்க போய்த் திருதிருன்னு முழிக்காத. அந்த மெக்கானிக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கேன்னு உனக்கு மனசு இளகிடும், தெரியும் எனக்கு. என் தங்கச்சிக்காக இளகினானா அவன்? உள்ள போறவன் வெளிய வரவே கூடாது. என்ன சொல்லணும்? சொல்லு பாப்போம்."

அவன் சாலையைப் பார்த்தபடியே ஒப்பித்தான். "ஒயரை மெக்கானிக் வெட்டினது எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காமலே வெட்டிட்டான்."

டிங்.

"அதென்ன சத்தம்?" மச்சானின் குரல் மாறியது. "கதவு தெறந்திருக்கா? குழந்தை உள்ள இருக்குல்ல? மொதல்ல ஓரங்கட்டு மாப்ள!"

ஓரங்கட்டினான். இறங்கிப் போய்க் கதவைப் பிடித்து உலுக்கினான். இம்மியும் அசையவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தான்.

கதவோர இருக்கையின் சீட் பெல்ட் மாட்டியிருந்தது. இருக்கை காலி. ஆனால் பெல்ட் இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை, ஓர் உடம்பின் கனத்துக்கு விலகி, வளைந்து, காற்றில் நின்றது.

கதவைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பெல்ட் சரேலென்று உள்ளே ஓடியது. அதன் உலோக நாக்கு விரலில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.

"நீ மாட்டினியாடா கண்ணு?"

"எனக்கு அங்க கை எட்டாதுப்பா."

ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு. கொக்கி விழுந்தது. மூன்றாவதாகவும் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மெக்கானிக்கின் ஷெட் நினைவுக்கு வந்தது. பழைய வண்டி என்பதால் கதவு முழுதாக மூடிய பிறகும் பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒயரை வெட்டிவிடச் சொன்னது அவன்தான். மெக்கானிக் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டான்.

"வேணாம் சார். ஸ்விட்ச் புதுசு வரட்டும், மாத்திடறேன். இது வீட்டுக்காரம்மா மாதிரி. கத்துற வரைக்கும் பயமில்ல. கத்துறது நின்னாத்தான் பயப்படணும்."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவன் சொன்னான்: "வெட்டிடுப்பா, தலை வலிக்குது."

அடுத்த மாதம், மேம்பாலத்து வளைவில் கதவு திறந்துகொண்டது. அவன் மனைவி அதன் வழியே போனாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மச்சான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, யாருடா காரணம், யாருடா காரணம் என்று உலுக்கியபோது அவன் வாயிலிருந்து மெக்கானிக் வந்தான். சட்டையைப் பிடித்த கைகள் அப்படியே அவனை அணைத்துக்கொண்டன. அந்த அணைப்பிலிருந்து பிறகு வெளியே வர முடியவில்லை.

கார் வாஷ் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருந்தது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் ரப்பர்த் திரை. ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் குனிந்து சொன்னார். "நியூட்ரல்ல போடுங்க சார். பிரேக்ல கால் வைக்காதீங்க. தண்டவாளம் பிடிச்சு இழுத்துக்கும். முடியற வரைக்கும் கதவு பக்கம் போகாதீங்க."

வேன் தானாக நகர்ந்தது. ரப்பர்த் திரை கண்ணாடிமேல் வழுக்கி ஏறி, கூரையைத் தடவிக்கொண்டே பின்னால் போய் விழ, பகல் வெளிச்சம் அத்தனையும் அதோடு போய்விட்டது. மேலிருந்து கொழகொழவென்று நுரை இறங்கி, முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், மீன் படம் ஒட்டிய பின்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக மூடியது. உள்ளே பாலேடு நிறத்தில் ஒரு மங்கல். சோப்பு வாசனை. அதற்கு அடியில், இன்றைக்கு ஈரமே படாத இருக்கையிலிருந்து, ஈர நாயின் வாடை. அந்த வாடைக்கும் அடியில் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு கழுத்தின் மணம். ஏழு மாதமாக எந்தத் தலையணையிலும் அது இல்லை. தூரத்தில் பெரிய தூரிகைகள் சுழலத் தொடங்கின.

டிங். டிங். டிங்.

"அப்பா," என்றாள் மகள். "பதில் சொல்லுங்கப்பா."

"யாருக்குடா?"

"எவ்ளோ நேரமா சொல்றாங்க."

தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் பார்த்தான். மகள் ஜன்னலோரமாகத்தான் இருந்தாள். பார்வை மட்டும் கதவுப் பக்கம். யாரோ பேசுவதைக் கவனிக்கிறவள்போலத் தலை சாய்ந்திருந்தது. அவளுக்கு அப்பால் சீட் பெல்ட் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு சாண். இன்னொரு சாண். இருக்கையைத் தாண்டி. கதவை நோக்கி.

டிங். டிங். டிங். டிங்.

"நான்தான்," என்று கத்தினான். "நான்தான் வெட்டச் சொன்னேன்! அவன் வேணாம்னுதான் சொன்னான். கோர்ட்டுல சொல்லிடறேன். மச்சான்கிட்டயும் சொல்லிடறேன். போதுமா?"

பஸ்ஸர் நின்றது.

தூரிகைகளின் உறுமல் மட்டும். அவன் மூச்சுவிட்டான். இதைத்தான் கேட்டாள், கொடுத்தாயிற்று என்று நினைத்தான். மனம் லேசாகக்கூட ஆனது.

அப்புறம் கதவில் ஒரு சத்தம் கேட்டது. கொக்கி எழும்பும் சத்தம்.

மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. கத்துறது நின்னாத்தான்.

நுரை உள்ளே வந்தது. விரல் தடிமனில் ஓர் இடைவெளி. பிறகு கை நுழையும் அகலம். அதன் வழியே பெல்ட் வெளியே போயிருந்தது. தொய்வில்லை. முறுக்கிப் பிடித்த கயிறுபோல விறைத்து, அதிர்ந்து, கீழ்நோக்கி. மறுமுனையில் கனம் இருந்தது.

மகளின் பெல்ட் கழன்ற சத்தம்.

"உக்காரு!"

அவள் எழுந்தாள். அவன் திரும்ப முயன்றான். அவனுடைய பெல்ட் இறுகியது. தோளை அறுத்தது. பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். இன்னும் இறுகியது. கண்ணாடி மட்டும்தான் மிச்சம். கண்ணாடியில் ஒரு உயரப் பின்னல், ஒரு தாழ்ந்த பின்னல், கதவை நோக்கி நடந்தன.

ஒயர் அவன் மனைவிக்கு ஒரு பொருட்டே இல்லை. அது அவனுக்கு இப்போது தெரிந்தது. எப்போதும் தெரியும்.

அன்றைக்குக் காலையிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. காரணம்கூட நினைவில்லை. கோபம் வந்தால் கத்த மாட்டான் அவன். காது கேளாதவனாகிவிடுவான். மூன்று நாள், நான்கு நாள். அந்தக் கோபத்தோடுதான் கதவை இழுத்தான். ஒருமுறை. கொக்கி விழவில்லை என்று கைக்குத் தெரிந்தது. அப்படியே போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தான். கதவு சரியா மூடல, நிறுத்துங்க என்றாள். வேகத்தைக் கூட்டினான். நிறுத்துங்க, குழந்தை தூங்குது, நானே இழுத்துச் சாத்தறேன் என்றாள். பாட்டின் ஒலியைக் கூட்டினான். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தாள். வளைவு வந்தது.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் அவனும் நம்பியிருந்தான்.

மகள் விறைத்த பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள். அல்லது அது அவளை இழுத்தது. சாக்ஸ் போட்ட பாதங்கள் ஈரத் தரையில் வழுக்கின. கதவு முழுதாகத் திறந்தது. வெளியே தூரிகைகள். கருப்பாக, ஆள் உயரத்துக்கு, நுரை தெறிக்கச் சுழன்றுகொண்டு. அவற்றின் நடுவிலிருந்து நுரை வழியும் ஒரு கை வந்து அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக. சாலையைக் கடக்கக் கூட்டிப்போகிறமாதிரி.

மகள் கண்ணாடிக்குள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அன்றைக்கு மனைவி கடைசியாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். மச்சானிடம். போலீஸிடம். கூப்பிடவே இல்லை. கத்தவும் இல்லை. திறந்த கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவன் பிடரியைப் பார்த்து, அவள் சொன்னது இவ்வளவுதான்:

"உங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும்."