பார்க்காத பிறை

முப்பதாவது இரவை ஹெரெமேட்டா வாய்விட்டு வாசித்தபோது, ஜன்னலுக்கு வெளியே யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

பல்லியாக இருக்கும். மழை வரப்போகும் மாலைகளில் அவை தகரக்கூரையின் அடியில் வந்து ஒண்டிக்கொள்ளும். அவள் மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனாள். ஆள், மீன், பிறை, பிறை என்று மரப்பலகையில் செதுக்கியிருந்த உருவ எழுத்துகளை விரலால் தடவியபடி, ஒவ்வோர் இரவின் பெயரையும் இழுத்து ராகமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

ச்சு.

அதே இடத்தில்.

"இன்னும் முடியலையா?" என்று வாசலிலிருந்து தோரியின் குரல் கேட்டது. அவளுடைய அண்ணன். அந்தப் பலகையைச் செதுக்கியவன் அவன்தான். தலைமுடியெல்லாம் மரத்தூளோடு, வேனைக் கிளப்பும் முன் எட்டிப் பார்த்தான். "நாளைக்கு நீ வாசிக்கிறதைக் கேக்க மண்டபத்துல ஊரே வந்து உக்காரும். நீ நிலாவுக்கு வயசு ஏத்திக்கிட்டு இருக்க."

"என்ன சொல்றண்ணே?"

"முப்பது நாள்ங்கிற. நீ எண்ணின கடைசி மாசத்தோட கடைசி ரெண்டு சாயங்காலமும் மழை. நீ எந்தப் பிறையைப் பார்த்த?"

"நான் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம் மேட்டா. என் வலை ரெண்டு நாளும் காயவே இல்ல." அவன் சிரிக்கவில்லை. "நீ என்ன வேணா வாசி. அந்தப் பிள்ளைக்கும் அதையே சொல்லிக்குடுத்திருக்க பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல."

வேனின் சத்தம் கொய்யாப் புதர்களைக் கடந்து தேய்ந்தது. வீட்டில் அவளும், பக்கத்து அறையில் படுத்திருந்த ஏழு வயது மகள் ஊக்காவும் மட்டும் இருந்தார்கள்.

தோரி சொன்னது உண்மை. அந்த இரண்டு மாலையும் மழைதான். இந்தத் தீவில் முன்னோர் செதுக்கிய அசல் பலகை ஒன்றுகூட இல்லை; தோரி செதுக்கியது படத்தைப் பார்த்துச் செய்த நகல். எல்லாம் தூர தேசங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். ஆட்பிடிக்க வந்த கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. திரும்பி வந்த சிலர் உடம்பெல்லாம் அம்மையோடு வந்தார்கள். மிஞ்சிய உருவங்களை, ஒன்றுவிட்டு ஒரு வரி தலைகீழாக இருந்ததால் வரி முடியும்போதெல்லாம் பலகையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி, நான்கு வருடம் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள் ஹெரெமேட்டா. பிறை பிந்தினால் மாதத்தில் ஓர் இரவைச் சேர்க்கச் சொல்லும் குறி எது என்று கண்டுபிடித்துவிட்டதாக நம்பினாள். அதை நிரூபிக்கப் பதின்மூன்று மாதம் கடற்கரையில் நின்று எண்ணினாள். பன்னிரண்டு மாதம் பொருந்தியது. பதின்மூன்றாவது மாதக் கடைசியில் இரண்டு மாலையும் மேகம் மூடியிருந்தது. இரண்டாம் மாலையில்தான் பிறை வந்தது என்று நோட்டில் எழுதினாள். கண்டேன் என்று எழுதினாள். முப்பது வந்தது. குறி பொருந்தியது.

"அம்மா." அறையிலிருந்து ஊக்கா கூப்பிட்டாள். "முப்பதைச் சொல்லாதயேன். அவங்களுக்குப் பிடிக்கல."

"யாருக்கு?"

"உக்காந்திருக்கவங்களுக்கு."

ஹெரெமேட்டா எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். முற்றத்துப் புல் இருட்டில் கறுத்துக் கிடந்தது. வேலியோரம் எப்போதும் நிற்கும் குதிரைகளைக் காணவில்லை. உப்பு வாடை வந்தது. அது கடல் காற்றில் வருகிற உப்பு அல்ல. நெடுநாள் தண்ணீரில் ஊறிய துணியை மூடிய அறையில் போட்டு வைத்தால் வருகிற உப்பு, அதனடியில் ஆறாத புண்ணின் இனிப்பு. காற்று இல்லை. ஆனாலும் புல் அங்கங்கே அழுந்திக் கொடுத்தது, நடந்து களைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மெல்ல உட்காருவதுபோல.

கதவைத் தாழிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினாள். ஒருமுறை முப்பதை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தாள். இருபத்தொன்பதில் நிறுத்தினாள்.

வெளியே உச்சுக்கொட்டவில்லை. பல மார்புகளிலிருந்து ஒரே மூச்சு நிதானமாக இறங்கியது.

அந்த மூச்சைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. முப்பதை எடுத்துவிட்டால் அந்தக் குறிக்கு அர்த்தம் இல்லை. குறிக்கு அர்த்தம் இல்லையென்றால் மேலே உள்ள எட்டு வரிகளும் கலைந்துபோகும். நான்கு வருடம், நாளைய மண்டபம், தோரியின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. செத்துப்போனவர்கள் வந்து அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தபோது எங்கே போயிருந்தார்கள்?

பலகையைத் திருப்பினாள். குரலை உயர்த்தி, அந்த வரியை முதலிலிருந்து முப்பது வரை வாசித்தாள்.

ச்சு.

ச்சு. ச்சு.

ஜன்னலுக்குக் கீழே. கதவின் பின்னால். கூரையில். பிறகு எல்லாம் ஓய்ந்தது.

அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவளே சொல்லித்தருகிற ஒன்று அந்த அமைதிக்குள் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பலகை வாசிப்பவர்கள் வருடத்துக்கொரு முறை மன்னன் முன்னால் கூடி வாசிப்பார்கள். இளையவன் பிழைவிட்டால் திருத்தி அனுப்புவார்கள். சொல்லிக்கொடுக்கும் வயதுள்ளவன் பிழைவிட்டால் திருத்துவதில்லை. ஒரு குழந்தையை அனுப்புவார்கள். அது அவன் காதைப் பிடித்து சபைக்கு வெளியே கூட்டிப் போய்விடும்.

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"ஊக்கா, படுத்துக்க."

வெறுங்கால்கள் தரையில் பதிந்தன. ஒன்று. இன்னொன்று.

"படுத்துக்கன்னு சொன்னேன்ல."

ஊக்கா வந்து நாற்காலியருகே நின்றாள். கண்கள் திறந்திருந்தன. அம்மாவைப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி ஹெரெமேட்டாவின் இடது காதைப் பிடித்தாள். விரல்கள் ஈரமாக, கிணற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தன.

"விடு. அம்மா தப்பாத்தான் எழுதிட்டேன். நான் பார்க்கல. எதையும் பார்க்கல. நாளைக்குச் சொல்லிடுறேன். ஊக்கா, விடும்மா."

பிடி இறுகியது. ஏழு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. குனிந்தபடி எழுந்தாள். குனிந்தபடியே நடந்தாள். அவள் போட்ட தாழ் திறந்து கிடந்தது.

முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. முகங்களில் முகத்தைவிடக் குழிகள் அதிகம். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால்களை ஒதுக்கி வழி மட்டும் விட்டார்கள். எல்லாக் கண்களும் வீட்டின் மேல் இருந்தன.

வேலி. கொய்யா. கல். பாதை கடலை நோக்கி இறங்கியது.

பின்னால் குரல் கேட்டது. மெல்லிய, பிசிறில்லாத குரல். ஆள், மீன், பிறை. பிறகு அவள் ஒருபோதும் வாசித்தறியாத வரிகள், அவள் வெறும் பறவை என்று விட்டுவிட்டுப் போன இடங்கள், ஒன்றுவிடாமல், தடுக்காமல். யாரும் உச்சுக்கொட்டவில்லை.

காது கிழிய, கழுத்தைத் திருப்பினாள்.

ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவளுடைய நாற்காலியில் ஊக்கா உட்கார்ந்திருந்தாள். வரி முடிந்ததும் பலகையை இரண்டு கைகளாலும் தலைகீழாகத் திருப்பினாள்.

ஹெரெமேட்டாவின் காதிலிருந்த விரல்கள் பிடியை விடவில்லை.