வாத்துப் போட்ட ஜப்லா

செவ்வாய்க் கிரகத்தில் தோல் மாற்றுவது, நம் ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. ஏழு வருடத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டும். கதிர்வீச்சு தின்ற பழைய தோலை உரிபொறி வலியில்லாமல் கழற்றி எடுத்துவிடும். அடியில் வளர்த்துவைத்த புதுத்தோல் பளபளவென்று வெளியே வரும். "எப்போ உரிச்சீங்க? கலர் நல்லா வந்திருக்கே!" என்று கடைவீதியில் நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

ஒரே தொல்லை, அந்தப் புதுத்தோல் பச்சைக் குழந்தையின் தோல். தையல் பட்டால் சிவக்கும், பொத்தான் பட்டால் கன்றிப்போகும். அது முற்றும்வரை நாற்பது நாள் கூழ்த்தொட்டியில் கழுத்தளவுக்கு மூழ்கிக் கிடக்க வேண்டும். எல்லோரும் கிடந்தார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டும் முறுக்குத் தின்றுகொண்டும் சந்தோஷமாகவே கிடந்தார்கள். செம்மண்புரத்து ஆளுநர் ஆதிமூலம் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

காரணம் நாற்காலி. அவர் தொட்டியில் இறங்கினால் துணை ஆளுநர் நாற்காலியில் ஏறுவார். ஏறியவர் இறங்குவார் என்று ஊரில் யாரும் நம்பவில்லை. ஆதிமூலம் துளிக்கூட நம்பவில்லை. இரண்டு முறை தள்ளிப்போட்டார். கழுத்தில் கறுப்புத் திட்டுகள் வந்துவிட்டன.

"அடுத்த சூரியப் புயலை இந்தத் தோல் தாங்காது," என்றது செவிலி. அது வீட்டு மருத்துவ இயந்திரம். கைகள் ஆறு, பொய் மட்டும் சொல்ல வராது. "புயல் வந்த பிறகு நீங்கள் அதிக நாள் இருக்க மாட்டீர்கள்."

"அதுக்குள்ளே பேரன் பொறந்துடுவான். மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறேன். விடு," என்றார் ஆதிமூலம்.

பக்கத்து அறையில் இதைக் கேட்ட மருமகள் பவளக்கொடிக்கு நெஞ்சு பதறியது. செவ்வாயில் பிறக்கப்போகும் முதல் குழந்தை அவள் வயிற்றில் இருந்தது. அவள் இந்த ஊருக்கு வந்து இறங்கிய புதிதில், பூமி வேண்டும் என்று தேம்பியபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடி, வேண்டுமென்றே தோற்றவர் இந்த மாமனார். மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போவதாவது! பேரனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது யார்?

பவளக்கொடியின் வேலை, வெளியே போகிறவர்களுக்குக் காப்புடை வடிவமைப்பது. அன்று அவள் மடியில் இருந்ததோ உள்ளங்கை அகல ஜப்லா, குழந்தைக்காகக் கையாலேயே தைத்தது. கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து, பழக்கதோஷத்தில் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு மெத்தென்று இருந்தது! பச்சைக் குழந்தையின் தோலுக்கென்றே தைத்தது அல்லவா?

சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஊசிப்பெட்டி கவிழ்ந்தது.

"செவிலி! இதையே மாமா அளவுக்குப் பெரிசாத் தைச்சா? தொட்டி எதுக்கு? ஜப்லாவைப் போட்டுக்கிட்டு அவர் பாட்டுக்கு ஆபீஸ் போகலாமே!"

செவிலி ஆறு கைகளையும் ஒரு கணம் நிறுத்தியது. "தோல் ஆட்சேபிக்காது," என்றது. "ஆளுநர் ஆட்சேபிப்பார்."

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பவளக்கொடி வேலையில் குதித்தாள். தைத்த ஜப்லாவைப் பிரித்து, துண்டுகளை மேசையில் பரப்பி, அப்படியே ஐந்து மடங்கு பெரிதாக்கி வெட்டினாள். ஆளுயரப் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தால் சிரிப்பாய் வந்தது. குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை, கழுத்து என்று ஒன்று கிடையவே கிடையாது. பெரிதாக்கிய ஜப்லாவின் கழுத்து தோளைத் தாண்டி வழுக்கியது. கை முழங்கையை எட்டாமல் நின்றது. கலைத்தாள். மறுபடி வெட்டினாள். தோளில் தையலே வராதபடி கையையும் உடம்பையும் ஒரே துணியில் எடுத்தாள். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து இடுப்போரம் நாடாவில் முடியும். பொத்தான் இல்லை, லேபிள் இல்லை. தையல் விளிம்புகளை எல்லாம் வெளிப்புறமாகத் திருப்பினாள். பிறகு துவைத்தாள், துவைத்தாள், துணி தன் திமிரெல்லாம் இழந்து வெண்ணெயாய்க் குழைகிறவரை துவைத்தாள். சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. கண்டுபிடிப்பு என்றால் இப்படித்தான் உடம்பெல்லாம் குறுகுறுக்கும்போல.

கொண்டுபோய் மாமனார் முன்னால் விரித்தாள். நெசவுப்பொறியில் குழந்தைத் துணிக்கு இருந்தது ஒரே சித்திரம். நெஞ்சு முழுக்க மஞ்சள் வாத்துகள்.

"வாத்தா?" ஆதிமூலத்துக்குக் குரல் கிறீச்சிட்டது. "நான் ஆளுநர்மா! நாடா கட்டிக்கிட்டு, வாத்து போட்டுக்கிட்டு சபையிலே போய் உட்காரச் சொல்றியா? அதுக்குச் செத்தே போகலாம்."

"செத்துத்தான் போவீங்க மாமா. செவிலி சொல்லுச்சே."

அப்புறம் பேரம் ஆரம்பித்தது. காலர் வேண்டும், பாக்கெட் வேண்டும், கறுப்பு நிறம் வேண்டும். "சரி, அப்படியும் ஒண்ணு தைக்கிறேன்," என்றாள் பவளக்கொடி. "தோல் உரிச்சதும் எது வேணுமோ நீங்களே எடுத்துக்குங்க. ஆனா உரிச்சே ஆகணும்." கையை நீட்டி, அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தோல் உரித்த அன்று, அவர் கறுப்பைத்தான் எடுத்தார். காலர் கழுத்தில் பட்டதுதான் தாமதம்.

"ஐயோ! கழுத்திலே யாரோ அரத்தைப் போட்டு ராவுறானே! எடு! எடு!"

கறுப்பு பறந்தது. வேறு வழியில்லாமல் வாத்து ஏறியது. ஆதிமூலத்தின் முகம் மெல்ல மெல்ல இளகியது. தோள் இறங்கியது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"அம்மா கொடி," என்றார், கண்ணைத் திறக்காமலே. "சட்டைன்னா இதான்மா சட்டை. இத்தனை வருஷமா நான் எந்தக் கோணியை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்?"

அவளுக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது.

சபையில் அவர் வாத்துகளோடு நுழைந்தபோது துணை ஆளுநர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆதிமூலம் கண்டுகொள்ளவில்லை. நாற்காலியில் ஜம்மென்று சாய்ந்து, மனித உடம்புக்கு எது நல்லது என்று ஒரு மணிநேரம் முழங்கினார். பேச்சு முடிந்ததும் துணை ஆளுநர் பவளக்கொடியின் வாசலுக்கே வந்துவிட்டார். "எனக்கு யானை போட்டது கிடைக்குமா?"

அதற்குப் பிறகு செம்மண்புரத்தைப் பிடிக்க முடியவில்லை. தோல் உரித்தவர்கள் தொட்டியைத் தூக்கி எறிந்தார்கள். தோல் முற்றியவர்களும் ஜப்லாவைக் கழற்ற மறுத்தார்கள். நெசவுப்பொறியில் புதுப்புதுச் சித்திரங்கள் ஏறின: பொறியாளர்களுக்கு ஆமை, நீதிபதிகளுக்கு ஆந்தை. சூரியப் புயல் வந்து, ஊரைக் கவிந்திருந்த குவிமாடத்துக்கு மேலே சீறிவிட்டுப் போனது. ஆதிமூலம் அன்று கீழே சீட்டாடிக்கொண்டிருந்தார். சட்டைக்கு லேபிள் வைத்துத் தைப்பது குற்றம் என்று சட்டமே வந்தது. எல்லாவற்றுக்கும் மூலமான அந்தக் குட்டி ஜப்லாவைத் திரும்பத் தைத்து, அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து விளக்குப் போட்டார்கள்.

பேரனும் பிறந்தான். பெயர் சூட்டும் விழாவைப் பூமியே பார்க்கப்போகிறது என்று தெரிந்ததும் பவளக்கொடி மறுபடி ஊசியை எடுத்தாள். தன் பிள்ளைக்குத் தான் தைக்காமல் யார் தைப்பது? அதே குறுகுறுப்பு, அதே உற்சாகம்.

விழா மண்டபத்தில் யானையும் ஆமையும் ஆந்தையுமாக ஊரே மெத்தென்ற ஜப்லாக்களில் சாய்ந்திருந்தது. நடுவே குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கறுப்புக் கோட்டு, உள்ளே இன்னொரு கோட்டு, கஞ்சி போட்ட காலர், டை, டைக்கு ஒரு பின், இடுப்பில் பெல்ட், நிற்கவே தெரியாத காலுக்குத் தோல் ஷூ.

மண்டபம் ஆஹா என்றது. குழந்தை வீறிட்டது.

"பசிக்குது போல," என்றது ஒரு யானை. "வயித்து உப்புசம்," என்றது ஒரு ஆந்தை. "இவ்வளவு பேர் பார்த்தா கண்ணு படாம என்ன செய்யும்?" என்றார் துணை ஆளுநர்.

"குழந்தையின் கழுத்தில் காலர்..." என்று செவிலி ஆரம்பித்தது.

"ஷ்! கேமரா ஓடுது," என்றாள் பவளக்கொடி.

ஆதிமூலம் எழுந்து வந்தார். குனிய வசதியாகத் தன் வாத்து ஜப்லாவின் நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். அலறிக்கொண்டிருந்த பேரனின் டையை அன்போடு இறுக்கிச் சரிசெய்தார்.

"அழாதேடா ராஜா. போட்டோ எடுக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ. அடேயப்பா, பெரிய மனுஷன் மாதிரி எவ்வளவு ஜம்முனு இருக்கே!"