ஆடிக்காட்டுக்கு ஒரு யோசனை

“நான் இனிமே ஆடல,” என்று சொல்லி, சாஜிதா பானு கைப்பேசியைத் தன் வீட்டுத் தரையில் வைத்தாள்.

வேல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் வகுப்பிலேயே ‘கோட்டை ஓட்டம்’ விளையாட்டில் சாஜிதாவை மிஞ்ச ஆள் கிடையாது. இருவரும் ஜோடியாக ஆறு கோட்டைகளைத் தாண்டியிருந்தார்கள். ஏழாவது கோட்டையில் மட்டும் நான்கு நாட்களாக அகழிக்குள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

“ஏட்டி, கோவப்படாத. சண்முகையா அண்ணன் ஆடிக்காட்டுல வீடியோ போட்டிருக்காரு. ஏழாவது கோட்டைக்கு வழி அதுல இருக்காம். பாப்போமா?”

“பாத்தாச்சு. ஒம்பது தடவ பாத்தாச்சு.”

ஆடிக்காட்டு என்பது ஓர் இணையதளம். விளையாடுகிறவர்கள் தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து அதில் போடுவார்கள். பனவடலிசத்திரத்துச் சண்முகையா அண்ணன் போடும் வீடியோக்கள் என்றால் சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு உயிர். எங்கே குதிக்க வேண்டும், எங்கே பதுங்க வேண்டும் என்று நம்மூர்ப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போவார்.

ஆனால் சாஜிதாவுக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருப்பாள். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். கைப்பேசிக்குள்ளிருந்து வரும் பேச்சு மட்டும் அவளுக்கு வெறும் இரைச்சல்.

“வாப்பா சவூதியிலேருந்து பேசும்போது மூஞ்சி தெரியும். அதனால புரியுது,” என்றாள் சாஜிதா. “இந்த அண்ணன் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்காரு. ஓடுற காலத்தான் காட்டுதாரு. காலைப் பாத்து நான் என்னத்தப் படிக்க?”

வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அவ்வளவுதான? அண்ணன் சொல்லுறத நான் உனக்குச் சொல்லுதேன்.”

“வேண்டாம். எல்லாரும் தானாப் பாத்து ஜெயிக்காங்க. நானும் தானாப் பாக்கணும். இல்லேன்னா வேண்டாம். நீ காது கேக்குற யாரோடயாவது ஜோடி சேந்துக்கோ.”

வீட்டுக்கு நடக்கும்போது வேல்விழியின் காதில் அந்தக் கடைசி வாக்கியமே ஒலித்துக்கொண்டிருந்தது. கடையநல்லூரிலிருந்து சாஜிதா இந்தப் பள்ளிக்கு வந்து ஐந்து மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் அவள் இல்லாத விளையாட்டு உப்பில்லாத சோறாகிவிட்டது.

‘அவள் ஏன் விலக வேண்டும்? அந்த இணையதளம்தான் மாற வேண்டும்’ என்று வேல்விழி முடிவு செய்தாள்.

ஆடிக்காட்டில் ‘உங்கள் யோசனை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மாவின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வேல்விழி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கடிதம் எழுதுவதில் அவள் கெட்டிக்காரி. தமிழ்த் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள். ஆகவே முதலில் ‘அனுப்புநர்’ என்று எழுதி, தன் பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி, ஊர் எல்லாவற்றையும் எழுதினாள். அடுத்து ‘பெறுநர்’, அதன் பிறகு ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’, பிறகு ‘பொருள்’, பிறகு ‘வணக்கம்’. அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வந்தாள்.

இரண்டாம் நாள் பதில் வந்தது.

‘அன்புள்ள வேல்விழி, உன் வணக்கம் வந்து சேர்ந்தது. உனக்கும் எங்கள் வணக்கம். யோசனைதான் வரவில்லை. இந்தக் கட்டத்தில் முந்நூறு எழுத்துகளுக்கு மேல் எழுத முடியாது. பள்ளி முகவரியைப் பொதுவில் எழுதுவதும் நல்லதல்ல, அதை அழித்துவிட்டோம். மீண்டும் எழுது. - கோகிலா, ஆடிக்காட்டு குழு.’

அண்ணன் அருண்குமார் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏட்டி, நல்லவேளை! நகல் எடுத்து தாசில்தாருக்கும் அனுப்பாம விட்டியே!”

வேல்விழி அசரவில்லை. மாலையில் அம்மாவோடு கோவிலுக்குப் போனவள், கோமதி அம்மன் சந்நிதியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

“அப்படி என்னட்டி வேண்டுத?” என்று அம்மா கேட்டாள்.

“முந்நூறு எழுத்துக்குள்ள எழுத புத்தி குடுன்னு கேக்கேன்.”

பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் எழுதி முடித்தாள். ‘வீடியோவில் பேசுவதைப் படத்துக்குக் கீழே எழுத்திலும் காட்டுங்கள். என் தோழி சாஜிதாவுக்குக் காது கேட்காது. பாவம், அவளால் ஏழாவது கோட்டையைத் தாண்ட முடியவில்லை.’

இந்த முறை கோகிலாவின் பதில் உடனே வந்தது. ‘நல்ல யோசனை. யோசனைப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். பார்ப்பவர்களில் இருநூறு பேர் கை தூக்கினால், செய்து தருவோம்.’

யோசனைக்குக் கீழே ஒரு சின்னக் கை படம் இருந்தது. அதைத் தொட்டால் கை தூக்கியதாகக் கணக்கு. வேல்விழி தொட்டாள். அண்ணனைக் கெஞ்சித் தொட வைத்தாள். மொத்தம் இரண்டு கைகள்.

மறுநாள் பள்ளியில் மூன்றாவது கைக்காக ஓடினாள். ஆனால் அவள் நோட்டில் எழுதிக் கொண்டுவந்த யோசனையைப் படித்த சாஜிதாவின் முகம் சிவந்துவிட்டது.

“என் பேரை ஏன் போட்ட?”

“உனக்காகத்தான…”

“என்னைக் கேட்டியா? ‘பாவம்’னு வேற எழுதியிருக்க! ஊரே என் காதைப் பத்திப் படிக்கணுமா? நான் பாவமாட்டி?”

வேல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. நல்லது செய்வதாக நினைத்து, யாருக்காகச் செய்தாளோ அவளையே கேட்காமல் விட்டுவிட்டாள். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கக்கூட மனம் வரவில்லை. எழுந்து சாஜிதாவின் எதிரே போய், உதடு தெரியும்படி நின்றாள்.

“தப்புதான். கேட்டிருக்கணும். மன்னிச்சிரு. இன்னைக்கே மாத்துதேன். எப்படி எழுதணும்னு நீ சொல்லு.”

சாஜிதா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். “சாயங்காலம் உங்க வீட்டுக்கு வாரேன்,” என்றாள்.

வேல்விழியின் வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடும். தெருவில் இருபது வீடுகளில் இதே கதைதான். காலையிலிருந்து இரவு வரை ‘கடக் கடக்’ என்று தெருவே அதிரும். உள்ளே வந்ததும் சாஜிதா காதுக் கருவிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

“கருவியைப் போட்டா தறிச் சத்தம் தலைக்குள்ள இடிக்கும். இப்ப நல்லா இருக்கு,” என்று சொல்லிச் சுற்றிலும் பார்த்தாள்.

தறிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா, சாஜிதாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். வேல்விழி இரண்டு விரல்களைக் காட்டினாள். அம்மா தலையாட்டிவிட்டு, இரண்டு தட்டுகளில் சுண்டல் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சாஜிதா ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மூலையிலிருந்த பீரோவின் கதவு அசைந்தது. உள்ளே தொங்கிய சேலைகளுக்கு நடுவே தலையை விட்டபடி யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

“அது யாரு?”

“எங்க அண்ணன். சண்முகையா அண்ணன் வீடியோ பாக்கான். வெளிய தறிச் சத்தத்துல கேக்காதுல்லா? அதான் பீரோவுக்குள்ள போயிருவான்.”

சாஜிதா ஒரு கணம் விழித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினாள். சுண்டல் தட்டே ஆடியது.

“ஏட்டி! உங்க தெருவுல யாருக்குமே காது கேக்கலியேட்டி!”

சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி வேல்விழி கைப்பேசியை எடுத்துவிட்டாள். யோசனைப் பக்கத்தில் பழையதை அழித்துவிட்டு, சாஜிதா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

‘வீடியோவில் பேசுவதை எழுத்திலும் காட்டுங்கள். தறி ஓடும் வீட்டில் பேச்சு கேட்பதில்லை. பேருந்தில் கேட்பதில்லை. காது மந்தமானவர்களுக்கும் கேட்பதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும், எல்லாரும் ஆடலாம்.’

“பாவம்னு எங்கயும் வரலியே?” என்று சாஜிதா கேட்டாள்.

“பீரோவுக்குள்ள நிக்கிற அண்ணன் மட்டுந்தான் பாவம். அத எழுதல.”

எழுதினால் மட்டும் கை உயர்ந்துவிடாது என்று இருவருக்கும் தெரியும். எழுத்து வந்தால் எப்படியிருக்கும் என்று காட்ட வேண்டும். ஆகவே வேல்விழி, சண்முகையா அண்ணனின் பழைய வீடியோ ஒன்றை எடுத்துக்கொண்டாள். பீரோவுக்குள் தானும் தலையை விட்டு, அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதினாள். எத்தனையாவது நொடியில் என்ன சொல்கிறார் என்பதையும் குறித்தாள். பன்னிரண்டாவது நொடி: ‘மக்கா, பாலத்து மேல போகாத, இடிஞ்சிரும்.’ இருபதாவது நொடி: ‘இங்கன பதுங்கு.’ எல்லாவற்றையும் வீடியோவுக்குக் கீழே கருத்துப் பகுதியில் போட்டாள். ஒரு வீடியோவுக்கு இரண்டு மாலைகள் ஆயின.

“அடுத்து ஏழாவது கோட்டைய எழுதட்டா?”

“அத மட்டும் எழுதாத,” என்றாள் சாஜிதா. “கீழ படிச்சா மேல படம் ஓடிருது. படத்துலயே எழுத்து வரட்டும். அன்னைக்குப் பாத்துக்கிடுதேன்.”

அவள் கோபம் போயிருந்தது. பிடிவாதம் போகவில்லை. வேல்விழிக்கு அது பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலையில் இருவரும் தெருவில் இறங்கினார்கள். ஒவ்வொரு தறி வீட்டுப் பிள்ளையிடமும் வீடியோவைக் காட்டினார்கள். சத்தம் கேட்கிறதா என்று சைகையில் கேட்டார்கள். பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கினார்கள். உடனே வேல்விழியின் எழுத்தைக் காட்டினார்கள். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கைப்பேசியைத் தேடி ஓடினார்கள்.

அன்று மாலைக்குள் ஐம்பத்தாறு கைகள் உயர்ந்தன. அதற்கு மேல் தெருவில் ஆள் இல்லை. ஞாயிறும் திங்களும் ஒரு கைகூடக் கூடவில்லை.

“அவ்வளவுதானோ?” என்றாள் சாஜிதா.

“அடுத்த தெரு இருக்குல்லா. அதுக்கடுத்த தெருவும் இருக்கு,” என்றாள் வேல்விழி.

செவ்வாய்க்கிழமை, கருத்துப் பகுதியில் வேல்விழியின் எழுத்துக்குக் கீழே ஒரு பதில் இருந்தது.

‘தங்கச்சி, நான்தான் சண்முகையா. நான் இவ்வளவா பேசுதேன்? படிச்சுப் பாத்து எனக்கே வெக்கமாப் போச்சு. பம்புசெட் பக்கத்துல உக்காந்து பாக்குற என் கூட்டாளிக்கும் இதுதான் வேணுமாம். நானும் கை தூக்கிட்டேன். நம்ம ஆளுக எல்லாரையும் தூக்கச் சொல்லியிருக்கேன்.’

வியாழக்கிழமை யோசனைப் பக்கத்தில் இருநூற்றுப் பதினெட்டு கைகள் இருந்தன.

கோகிலாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்று வாரங்கள் கழித்து, ஆடிக்காட்டில் வீடியோ போடுகிறவர்கள் தாங்கள் பேசுவதை எழுத்தாகவும் சேர்க்க வழி வந்தது. சண்முகையா அண்ணன் முதலில் எழுத்துச் சேர்த்தது ஏழாவது கோட்டைக்குத்தான்.

சாஜிதா வீட்டில் அவளும் வேல்விழியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சாஜிதா ‘பிஸ்மில்லா’ என்று முணுமுணுத்துவிட்டு வீடியோவைத் தொட்டாள். ஓடும் கால்களுக்குக் கீழே வெள்ளை எழுத்துகள் வரிவரியாக வந்தன. அவள் கண்கள் இமைக்கவில்லை. ஒருமுறைதான் பார்த்தாள். முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“ஆரம்பிக்கலாமா?”

“ம்!”

இருவரும் ஜோடியாக ஓடினார்கள். கோட்டைக் கதவு தெரிந்தது. மேலே பெரிய விளக்கு எரிந்ததும் வேல்விழி பாய்ந்தாள். தொப்பென்று அகழிக்குள் விழுந்தாள். சாஜிதா அசையாமல் நின்று, விளக்கு அணைந்து அணைந்து மூன்றாவது முறை எரியும் வரை பொறுத்தாள். பிறகு ஒரே தாவல். கோட்டைக்கு மேலே அவளுடைய பச்சைக் கொடி ஏறியது.

“உம்மா! ஏழாவது கோட்டை!” என்று அவள் போட்ட சத்தத்தில், அடுப்படியிலிருந்து அவள் உம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

சாஜிதா திரும்பி, அகழிக்குள் கிடந்த வேல்விழியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மூணாவது தடவ எரிஞ்ச பிறகுதான் குதிக்கணும்னு போட்டிருந்துச்சே. ஏட்டி, எவ்வளவு பெரிய எழுத்துல போட்டாலும் நீ படிக்க மாட்டியா?”

அகழிக்குள் கிடந்தபடியே வேல்விழி கைகொட்டிச் சிரித்தாள்.