மூன்று மணிச் செருமல்

அன்று மூன்று மணிக்குச் செருமல் இரண்டு தடவை வந்தது.

வழக்கமாக ஒன்றுதான் வரும். மதியம் கடிகாரம் மூன்று அடித்ததும் உள்ளறையில் ஆளில்லாத நாற்காலி ஒருமுறை கிறீச்சிடும், அதன் பின்னாலேயே தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம், பிறகு தண்ணீர் குடித்த தம்ளரை மேஜையில் வைப்பது போல ஒரு சின்ன 'டொக்', அதோடு ஏதோ தைலத்தின் வாசனை லேசாக வந்து போகும். மெக்கானிக்கின் மனைவி இறந்த இந்த எட்டு மாதத்தில் இது நடக்காத நாளே இல்லை என்று சொல்லிவிடலாம். முதல் வாரம் அவருக்கு ஈரக்குலை நடுங்கியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது மாதத்திலிருந்து, கடையில் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை அப்படியப்படியே விட்டுவிட்டு, இரண்டே முக்காலுக்கெல்லாம் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவர ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் தூங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெரிய வீட்டில் அவர் இருமினால் திரும்பி இரும ஒரு ஆள் உண்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் இருந்தபோதும் மூன்று மணி அவளுடைய நேரம்தான். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். தெரு அடங்கியிருக்கும் நேரம் அது. செருமுவாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், "பக்கம் நாற்பத்தொன்று" என்று தொடங்குவாள். அப்படிப் பதினோரு வருடம். அத்தனை குரலும் அவளுடைய அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஊருக்கெல்லாம் "ரெண்டு காப்பி எடுத்து வைங்க சார்" என்று உபதேசம் பண்ணிய மனிதர், சொந்த வீட்டில் ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை.

அவள் போன பிறகு அதை அவர் அணைக்கவே இல்லை. ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனது. அன்று மூன்று மணிக்கு நாற்காலி பேசாமல் இருந்தது, செருமல் இல்லை, வாசனை இல்லை. மறுநாள் கரண்ட் வந்து டிஸ்க் சுழல ஆரம்பித்ததும்தான் அவள் திரும்பி வந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இப்போது இரண்டு செருமல். முதல் செருமல் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து வந்தது. அதே நேரம் பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். முப்பது வருடத்தில் அவர் ஆயிரம் தடவை கேட்ட சத்தம் அது. சாகப் போகிற டிஸ்க் அப்படித்தான் அடித்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். அம்மாவின் குரலைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவள் கேட்காத நாளில்லை, இவரும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாத நாளில்லை. நாற்காலியைப் பற்றியோ செருமலைப் பற்றியோ அவளிடம் வாயைத் திறந்ததில்லை. டிஸ்க் போகப் போகிறது என்று மட்டும் சொன்னார்.

"எத்தன நாளா சொல்றேன்ப்பா. ஊரு மெஷினெல்லாம் பாக்குறீங்க, நம்ம வீட்டத் தவிர," என்றவள், குரல் தழைந்து, "இன்னிக்கே எடுத்துருங்கப்பா. ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். ஒரு வரியாவது எனக்குக் கேக்கணும்," என்றாள்.

கடைக்குப் போய்ப் புது டிஸ்க் ஒன்றை எடுத்து வந்தார். அலமாரியில் அந்த ஒன்றுதான் இருந்தது. பழையது எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, அதே அளவு. உள்ளறை ஜன்னலைச் சாத்தி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். எட்டு மாதத்துத் தூசி பஞ்சு பஞ்சாக வந்தது. அதில் நீளமான ஒரு நரைமுடி. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்துப் பார்த்தார். முதல் ஃபைல் போவதற்குள்ளேயே திரை உறைந்தது. மறுபடி தொடங்கினால் கம்ப்யூட்டரை இயக்குகிற சிஸ்டம் ஏறவே மறுத்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மின்னியது, அவ்வளவுதான். பரவாயில்லை, வழி இருந்தது. புது டிஸ்க்கில் புதுசாகச் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். பிறகு அதிலிருந்து பழையதைத் திறந்து மெதுவாக இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். கை வந்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

சிஸ்டம் ஏற்றும்போது அந்த டிஸ்க்கில் ஏற்கனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், அந்த வேலைக்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. 'பழையதைக் கழற்றி மேஜை மேல் வை. பிறகு புதியதைத் தொடு.' கடைச் சுவரில் அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இரண்டும் உள்ளே இருக்கும்போது சிஸ்டம் ஏற்றுகிறவனை அவர் மெக்கானிக் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடித்தார். டிஸ்க் சுடச்சுட இருந்தது, உள்ளே ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது. இந்த வயதில் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமலே போய்விடலாம். பிடுங்கினால் அவள் போய்விடுவாள். திரும்பி வரமாட்டாள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மணி நாலேகால்.

மூன்று மணியைத் தவிர வேறு நேரத்தில் அது சத்தம் போட்டதே இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இரும்மா. பிடுங்கல. பிடுங்கமாட்டேன்," என்று மெல்லச் சொன்னார். கேபிளை விட்டுவிட்டார். புது டிஸ்க்கைப் பழையதற்குப் பக்கத்திலேயே செருகினார்.

திரையில் கேள்விகள் வந்தன. மொழி எது, நேரம் எது, எந்த டிஸ்க்கில் ஏற்றட்டும். பெட்டிக்குள் டிக் டிக் விரைந்தது. செருமல் வந்தது, அறுந்தது, வந்தது, அறுந்தது. மூச்சுத்திணறலில் அவள் கடைசியாகக் கிடந்த நாலு நாள் அவருக்கு நினைவு வந்தது. கண்ணில் நீர் முட்டித் திரை கலங்கியது. ஆனால் விரல்களுக்குக் கண் வேண்டியதில்லை. முப்பது வருடமாக அந்தப் பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க்தான் இருக்கும், முதல் வரியில்தான் இருக்கும். முதல் வரி. அழி. சரி. அடுத்து. அவர்பாட்டுக்கு அழுதுகொண்டிருக்க, விரல்கள் தம்பாட்டுக்கு வேலையை முடித்தன.

டிக் டிக் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. எழுந்து போய் முகம் கழுவினார், சமையலறையில் நின்றபடி தண்ணீர் குடித்தார், திரும்பி வந்து நூற்றுக்கு எத்தனை ஆயிற்று என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறையில் தைல வாசனை இல்லை, நாற்காலிச் சத்தம் இல்லை. கரண்ட் போன அன்று இருந்த மாதிரியே ஒரு அமைதி. அது ஏன் என்று யோசிக்க அவர் மனம் ஒப்பவில்லை.

ஐந்தரைக்குச் சிஸ்டம் ஏறி முடிந்தது. வெறும் நீலத் திரை, ஒரு படம் இல்லை, ஒரு ஃபோல்டர் இல்லை. பெட்டிக்குள் கையை விட்டுப் புது டிஸ்க்கைத் தொட்டார்.

சில்லென்று இருந்தது.

ஒருமணி நேரம் எழுதிய டிஸ்க் சில்லென்று இருக்காது. விரல் தானாகப் பழையதன் மேல் போனது. கொதித்தது. விரல் சுட்டது. எடுக்கவில்லை.

பழையதை அழித்துவிட்டார். அழித்து, அதன் மேலேயே எழுதியும்விட்டார்.

மனிதர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தத் தோன்றவில்லை, அழக்கூட வரவில்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் போல டிஸ்க்கை நீட்டி அழுகிற வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லும் ஆறுதல்தான் மண்டைக்குள் ஓடியது. அழித்தது முழுசாகப் போய்விடாது, எது எங்கே, எது யாருடையது என்கிற அட்டவணைதான் போகும், மற்றது துண்டு துண்டாக உள்ளேயே கிடக்கும் என்பார். ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். "அப்போ ஆளு உள்ளதான் இருப்பாங்க, தான் யாருன்னு மட்டும் தெரியாது. அப்படித்தானே மெக்கானிக்கு?" என்றாள். அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். சாப்பிட்டாச்சா மெக்கானிக்கு, தூங்கலியா மெக்கானிக்கு.

நாற்காலி கிறீச்சிட்டது.

அவருக்கு உயிர் வந்தது. போகவில்லை! இருக்கிறாள்! செருமல் வந்தது. தம்ளர் 'டொக்' என்றது. ஆனால் தம்ளர் முதலில், செருமல் பிறகு. மறுபடி தம்ளர். மறுபடி தம்ளர். தைல வாசனை மூக்கை அடைத்தது, கூடவே சூடான தகரத்தின் வாசனை.

"பக்கம்," என்றது குரல்.

எட்டு மாதமாக ஒரு சொல்லுக்கு அவர் கெஞ்சியிருக்கிறார். ஒரே ஒரு சொல் பேசு என்று அந்த நாற்காலியைப் பார்த்து அழுதிருக்கிறார். அவள் குரலேதான். அட்சரம் பிசகாமல் அவள் குரல்.

"பக்கம்... பக்கம்... பக்கம்..." எண் வரவில்லை. பிறகு, வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டுகிறவள் போல, "யாருங்க அங்க?"

"நான்தான்மா. மெக்கானிக்கு."

"எந்த மெக்கானிக்கு?"

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரைக்கு முன்னால் நின்றார்.

"நான் யாருங்க?" என்றது அது.

சொன்னார். நீ என் பெண்டாட்டி என்றார். இது உன் அறை, உன் நாற்காலி, நமக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றார். அது கவனமாகக் கேட்டுக்கொண்டது. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. பெட்டிக்குள் 'டிக்' என்றது.

"யாருங்க அங்க?"

மறுபடி சொன்னார். டிக். மறுபடி. டிக். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கிட்டே வந்தது.

யாரும் தொடாததால் திரை அணைந்தது. இருண்ட கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் நாற்காலி. நாற்காலி காலி. அவர் தோளுக்கு மேலே அவளுடைய பச்சைச் சால்வை. அதற்கு மேலே முகம்.

எல்லாம் இருந்தன. கண். மூக்கு. நரைத்த புருவம். கன்னத்து மச்சம். எதுவும் அதனதன் இடத்தில் இல்லை.

அவர் அசையவில்லை. முடியவில்லை.

மேஜை மேல் போன் அடித்தது. ஆறு மணி. கையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும் என்பதால் அவர் போன் ஸ்பீக்கரிலேயேதான் பேசும். எடுக்கக்கூடாது என்று நினைத்தார். எடுக்காதே. தயவுசெய்து எடுக்காதே.

தோளைத் தாண்டி ஒரு கை நீண்டு வந்தது. விரல்கள் எந்த வரிசையிலும் இல்லை. அதில் ஒன்று போனைத் தொட்டது.

"அப்பா?" என்றாள் மகள்.

"யாருங்க அங்க?"

அந்தப் பக்கம் விம்மலும் சிரிப்புமாக, "அம்மா! அம்மா வாய்ஸுப்பா! கெடச்சிருச்சா? இருங்க, வயித்துக்கிட்ட வெச்சிக்கிறேன். பாப்பா கேக்கட்டும். இன்னொரு தடவ போடுங்கப்பா."

இருண்ட திரையில், காதுக்குக் கீழே இருந்த அவளுடைய வாய் போனை நோக்கிக் குனிந்து, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டது.